டெல்டிக் டீசல் லோகோ: வடிவமைப்பும் பாதுகாப்பும் பற்றிய எளிய அறிமுகம்

1961 முதல் 1982 தொடக்கம் வரை லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே விரைவு ரயில்களை இழுத்த 22 டீசல் லோகோக்களை உலகெங்கும் உள்ள ரயில் ஆர்வலர்கள் ‘டெல்டிக்’ என்ற பெயரால் அறிவார்கள். அவற்றைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. ஆனால் பேச்சில் தெளிவு குறைவு. “அதன் முக்கோண எஞ்சின் சக்கரங்களைச் சுழற்றியது”, “முக்கோணமாக இருந்ததால்தான் அவ்வளவு வலிமை”, “22இல் 6 காப்பாற்றப்பட்டுவிட்டன, இனி கவலையில்லை” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். முதற்கூற்று தவறு. இரண்டாவதில் பாதிதான் உண்மை. மூன்றாவது, வெளியே தெரியும் இரும்புக் கூட்டை எண்ணிவிட்டு உள்ளே இருப்பதை எண்ண மறந்துவிடுகிறது. இந்த லோகோ ஏன் இப்படி வடிவமைக்கப்பட்டது என்று புரிந்தால்தான், அதைப் பாதுகாப்பதற்கு எவற்றையெல்லாம் காக்க வேண்டும் என்பதும் விளங்கும் என்பது என் உறுதியான கருத்து.

தண்டவாளத்தில் ஓடும் வண்டியையும் அதற்குள் எரிபொருளை எரிக்கும் பொறியையும் நாம் ‘எஞ்சின்’ என்றே சொல்லிவருகிறோம். குழப்பம் வராமலிருக்க, இக்கட்டுரையில் முழு வண்டியை லோகோ என்றும் உள்ளிருக்கும் பொறியை எஞ்சின் என்றும் குறிப்பிடுகிறேன்.

## சக்கரத்தைச் சுழற்றுவது எது?

கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருக்கும் ஜெனரேட்டர் வண்டியை எண்ணிப் பாருங்கள். அதிலுள்ள டீசல் எஞ்சின், மண்டபத்தின் மின்விசிறிகளில் எதையும் நேரடியாகத் தொடுவதில்லை. எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது, ஜெனரேட்டர் மின்சாரத்தைத் தருகிறது, அந்த மின்சாரம் கம்பி வழியாகச் சென்று விசிறியின் மோட்டாரைச் சுழற்றுகிறது. பெரும்பாலான முதன்மைத் தட டீசல் லோகோக்களில் நடப்பதும் இதுதான். மின்விசிறிகளின் இடத்தில், சக்கர அச்சுகளுக்கு அருகே பொருத்தப்பட்ட ‘டிராக்ஷன் மோட்டார்’ எனப்படும் இழுவை மோட்டார்கள் இருக்கின்றன. இந்தியத் தடங்களில் பல்லாண்டுகள் ஓடிய டபிள்யூடிஎம்-2 லோகோவும் இதே முறையில் இயங்கியதுதான்.

எஞ்சினைப் பேருந்தில் உள்ளதுபோல் கியர் மூலம் சக்கரத்தோடு இணைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழலாம். டீசல் எஞ்சின் ஓரளவு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால்தான் வலிமை தரும். நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுக்க அதனால் இயலாது. மின்மோட்டாரின் இயல்பு நேர் எதிரானது: வண்டி நகரத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் அதன் இழுவை மிக அதிகமாக இருக்கும். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரயிலை அசைப்பதற்கு இந்த இயல்பு மிகப் பொருத்தமானது. அத்துடன், ஆயிரக்கணக்கான குதிரைத்திறனைத் தாங்கும் கியர் அமைப்பைச் செய்து பழுதின்றி ஓட்டுவதும் எளிதன்று.

சுருங்கச் சொன்னால், டீசல் லோகோ என்பது தன் மின்நிலையத்தைத் தானே சுமந்து செல்லும் ஒரு மின்சார லோகோ. ‘சுமந்து செல்லும்’ என்ற இடத்தில்தான் அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

## எடை என்னும் தடை

மின்கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் லோகோவுக்கு இந்தச் சுமை இல்லை. டீசல் லோகோவோ எஞ்சின், ஜெனரேட்டர், எரிபொருள், குளிர்விக்கும் அமைப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். எடை கூடினால் தண்டவாளத்தின் மீதும் பாலங்களின் மீதும் அழுத்தம் கூடும். அதைப் பங்கிட அதிக அச்சுகள் தேவைப்படும். அந்த அச்சுகளும் சேர்ந்து எடையை மேலும் கூட்டும்.

1958இல் பிரிட்டனில் அறிமுகமான, பின்னாளில் ‘கிளாஸ் 40’ என்று பெயர் பெற்ற லோகோவை எடுத்துக்கொள்வோம். இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனம் செய்த அதன் எடை 133 டன், அச்சுகள் 8, திறன் 2000 குதிரைத்திறன். அதே நிறுவனம் மூன்று ஆண்டுகள் கழித்து அளித்த டெல்டிக்கின் எடை 99 டன், அச்சுகள் 6, திறன் 3300 குதிரைத்திறன். ஒரு டன்னுக்குக் கிடைக்கும் திறன் இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்துவிட்டது. மணிக்கு 100 மைல், அதாவது சுமார் 161 கிலோமீட்டர் வேகத்தில் நீண்ட தொலைவு ஓட இதுவே வழிவகுத்தது.

இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் சின்னச் சின்னச் சீர்திருத்தங்களால் எட்டியிருக்க முடியாது. முற்றிலும் வேறு வகையான எஞ்சின் தேவைப்பட்டது. அந்த எஞ்சின் ரயிலுக்காகப் பிறந்ததன்று.

## கடற்படைக்காகப் பிறந்த எஞ்சின்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் விரைவுப் படகுகள் பெட்ரோல் எஞ்சின்களில் ஓடின. குண்டு பட்டால் பெட்ரோல் எளிதில் தீப்பற்றும். டீசல் அந்த வகையில் பாதுகாப்பானது. ஆனால் அன்றைய டீசல் எஞ்சின்கள் சிறு படகுக்கு ஏற்காத அளவு கனமானவை. எடை குறைந்த, வலிமை மிகுந்த டீசல் எஞ்சினை உருவாக்கும் பணி, போர் முடிந்த பின் இங்கிலீஷ் எலக்ட்ரிக் குழுமத்தைச் சேர்ந்த நேப்பியர் நிறுவனத்திடம் வந்தது.

இங்கே எஞ்சினின் உள்ளமைப்பைச் சிறிது பார்க்க வேண்டும். ‘சிலிண்டர்’ என்பது எரிபொருள் எரியும் உருளை. அதற்குள் முன்னும் பின்னும் நகரும் அடைப்பு ‘பிஸ்டன்’. பிஸ்டனின் நேர்க்கோட்டு அசைவைச் சுழற்சியாக மாற்றும் வளைதண்டு ‘கிராங்க்ஷாஃப்ட்’. வழக்கமான எஞ்சினில் சிலிண்டரின் ஒரு முனையில் பிஸ்டன் இருக்கும். மறுமுனையைக் கனமான மூடியும் அதிலுள்ள வால்வுகளும் அடைத்திருக்கும். எரிதலின் ஆற்றலில் ஒரு பகுதி, எந்த வேலையும் செய்யாத அந்த மூடியைச் சூடாக்குவதில் போய்விடும்.

நேப்பியர் கையாண்ட முறையில் மூடி இல்லை. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக நெருங்கி வருகின்றன. நடுவில் அழுந்திச் சூடான காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டு எரிகிறது; விரியும் வாயு இரண்டு பிஸ்டன்களையும் வெளிப்புறமாகத் தள்ளுகிறது. சிலிண்டர் சுவரில் ஒரு முனைக்கருகே காற்று நுழையும் துளைகளும், மறுமுனைக்கருகே எரிந்த வாயு வெளியேறும் துளைகளும் உள்ளன. பிஸ்டன்களே அவற்றைத் திறந்து மூடுவதால் வால்வுகள் தேவையில்லை. கிராங்க்ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிதல் நிகழ்வதால், இது பழைய மோட்டார் சைக்கிள்கள் மூலம் நமக்குப் பழக்கமான ‘டூ-ஸ்ட்ரோக்’ வகையைச் சேர்ந்தது.

எதிரெதிர் பிஸ்டன் என்பது நேப்பியரின் சொந்தக் கண்டுபிடிப்பன்று. ஜெர்மனியின் யுங்கர்ஸ் நிறுவனம் விமான எஞ்சின்களில் அதைப் பயன்படுத்தியிருந்தது. நேப்பியர் போருக்கு முன்பே அந்த வடிவமைப்புக்கு உரிமம் பெற்றிருந்தது. அந்த முறையின் பெருங்குறை ஒன்று உண்டு. சிலிண்டர் வரிசையின் இரு முனைகளிலும் பிஸ்டன்கள் இருப்பதால் ஒரு வரிசைக்கு இரண்டு கிராங்க்ஷாஃப்டுகள் வேண்டும். கிராங்க்ஷாஃப்ட் கனமான உறுப்பு. மூன்று வரிசைகளைத் தனித்தனியே அமைத்தால் ஆறு கிராங்க்ஷாஃப்டுகள் தேவைப்படும்.

## முக்கோணம் எதற்காக?

அந்த மூன்று வரிசைகளையும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களாக அமைத்தால், ஒவ்வொரு மூலையிலும் இரண்டு வரிசைகளின் முனைகள் சந்திக்கும். மூலைக்கு ஒரு கிராங்க்ஷாஃப்ட் வைத்தால், அது இருபுறமும் உள்ள பிஸ்டன்களுக்குப் பொதுவாகிவிடும். ஆறு தேவைப்பட்ட இடத்தில் மூன்று போதும். முக்கோணத்தின் உண்மையான பயன் இதுவே. வடிவம் தானாக வலிமை எதையும் உண்டாக்குவதில்லை. அதே வலிமையைக் குறைந்த எடையிலும் குறைந்த இடத்திலும் பெற உதவுகிறது. இதனால்தான் மேலே சொன்ன இரண்டாவது கூற்றைப் பாதி உண்மை என்றேன். முக்கோண வடிவமுள்ள கிரேக்க எழுத்தான டெல்டாவிலிருந்து எஞ்சினுக்கு டெல்டிக் என்ற பெயர் வந்தது. பெயர் எஞ்சினுடையது, லோகோவுக்கு அது பின்னர்தான் ஒட்டிக்கொண்டது.

காகிதத்தில் வரைய எளிதாகத் தோன்றும் இந்த அமைப்பு, நடைமுறையில் பெருந்தலைவலியாக இருந்தது. வாயு வெளியேறும் பக்கத்துப் பிஸ்டன் சற்று முந்தியும், காற்று நுழையும் பக்கத்துப் பிஸ்டன் சற்றுப் பிந்தியும் நகர்ந்தால்தான் எரிந்த வாயு முழுமையாக வெளியேறும். மூன்று கிராங்க்ஷாஃப்டுகளும் ஒரே திசையில் சுழன்றால், முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் இந்தக் கால வேறுபாட்டைச் சரியாகப் பேண முடியவில்லை. ஒரு கிராங்க்ஷாஃப்டை மட்டும் எதிர்த்திசையில் சுழலவிட்டால் சிக்கல் தீரும் என்று கடற்படையின் பொறியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்வார்டன் காட்டிய வழிதான் எஞ்சினைச் சாத்தியமாக்கியது. மூன்றையும் பல்சக்கரத் தொகுதி ஒன்று ஒருங்கிணைத்து, அவற்றின் ஆற்றலை ஒரே தண்டுக்குக் கொண்டுவருகிறது.

முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 6 சிலிண்டர்கள் என மொத்தம் 18 சிலிண்டர்கள், 36 பிஸ்டன்கள். போரில் கைப்பற்றிய ஜெர்மானிய விரைவுப் படகொன்றில் இந்த எஞ்சின்களைப் பொருத்திச் சோதித்தார்கள். பிறகு அவற்றை ரயிலுக்குக் கொண்டுவரும் துணிச்சல் இங்கிலீஷ் எலக்ட்ரிக்குக்கு வந்தது. வெளிர்நீல நிறத்தில் 1955இல் வெளிவந்த முன்மாதிரி லோகோ, எவருடைய கட்டளையும் இன்றி அந்நிறுவனம் தன் சொந்தச் செலவில் செய்தது.

இதுவரை பார்த்தவை: எதிரெதிர் பிஸ்டன்களால் கனமான மூடியும் வால்வுகளும் இல்லாமற்போயின, முக்கோண அமைப்பால் கிராங்க்ஷாஃப்டுகள் பாதியாகக் குறைந்தன, எடை குறைந்ததால் ஒரே லோகோவில் இரண்டு எஞ்சின்களை வைக்க இடம் கிடைத்தது.

## ரயிலில் டெல்டிக்

லண்டனையும் எடின்பரோவையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைத் தடத்தை மின்மயமாக்கும் திட்டம் தள்ளிப்போனது. நீராவிக்கு மாற்றாக அந்தத் தடத்தின் நிர்வாகத்துக்கு மிக வலிமையான டீசல் லோகோ வேண்டியிருந்தது; ஜெரார்ட் ஃபைன்ஸ் என்ற மேலாளர் டெல்டிக்குக்காக உறுதியாக வாதாடினார். 22 லோகோக்கள் வல்கன் ஃபவுண்ட்ரி தொழிற்சாலையில் கட்டப்பட்டு, 1961, 1962 ஆண்டுகளில் வந்து சேர்ந்தன. அவை 55 நீராவி லோகோக்கள் செய்த வேலையை ஏற்றுக்கொண்டன. லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் பணிமனையைச் சேர்ந்தவற்றுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயர்களும், மற்றவற்றுக்குப் படைப்பிரிவுகளின் பெயர்களும் சூட்டப்பட்டன.

ஒவ்வொரு லோகோவிலும் 1650 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்கள் இருந்தன. கடற்படையில் இதைவிட வேகமாக ஓடிய எஞ்சினை, நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காக ரயிலில் நிமிடத்துக்கு 1500 சுற்றுகளுக்குக் கட்டுப்படுத்தினார்கள். அதுவும் அன்றைய ரயில் எஞ்சின்களோடு ஒப்பிட்டால் மிக அதிகம். கிளாஸ் 40இன் எஞ்சின் நிமிடத்துக்கு 850 சுற்றுகள்தான் சுழன்றது. இரண்டு எஞ்சின்கள் இருந்ததில் இன்னொரு நன்மையும் உண்டு: வழியில் ஒன்று நின்றுவிட்டாலும் மற்றொன்றைக் கொண்டு ரயிலை ஊர் சேர்த்துவிடலாம்.

டெல்டிக் கக்கும் அடர்ந்த புகையைப் பார்த்துவிட்டு எஞ்சின் கெட்டுவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. நீண்ட நேரம் நிலையத்தில் மெதுவாக ஓடிக்கொண்டு நிற்கும்போது, எரியாத எண்ணெய் புகைபோக்கித் தொகுதியில் தேங்குகிறது. புறப்பட ஆற்றலைக் கூட்டியதும் வெப்பம் ஏறி, தேங்கிய எண்ணெய் எரிந்து புகையாக வெளியேறுகிறது. சில வேளைகளில் தீச்சுடரும் தெரியும். இது இந்த எஞ்சினின் அமைப்போடு வந்த இயல்பு. ஆனால் அந்தத் தேக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் தீ விபத்துக்கு இடமாகும் என்பதால், பணிமனையினர் அதை அலட்சியம் செய்ததில்லை.

## கழற்றி மாற்றும் முறை

மீண்டும் அந்த ஜெனரேட்டர் வண்டிக்கு வருவோம். கல்யாணத்தின் நடுவே அது பழுதானால், பந்தலிலேயே பிரித்துப் போட்டு எவரும் பழுது பார்ப்பதில்லை. வேறொரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இணைப்பைக் கொடுத்துவிட்டு, பழுதானதைப் பட்டறைக்கு அனுப்புவார்கள். டெல்டிக்கின் பராமரிப்பு முழுவதும் இந்த எண்ணத்தின் மீதே கட்டப்பட்டது. 36 பிஸ்டன்களும் மூன்று கிராங்க்ஷாஃப்டுகளும் நெருங்கி அமைந்த எஞ்சினை லோகோவுக்குள் வைத்தே பிரிப்பது வீண் முயற்சி. எஞ்சின் எடை குறைந்தது என்பதால், லோகோவின் கூரைப்பகுதியைக் கழற்றி, கிரேனால் எஞ்சினைத் தூக்கி எடுத்து, தயாராக இருக்கும் வேறொன்றை இறக்கிவிட முடிந்தது. லோகோ விரைவில் பணிக்குத் திரும்பும். எஞ்சின் பட்டறையில் ஆற அமரச் சீராகும்.

இதற்காக லோகோக்களுக்குத் தேவையான 44 எஞ்சின்களுக்கும் மேலாக உபரி எஞ்சின்களைக் கையிருப்பில் வைத்திருந்தார்கள். எந்த எஞ்சினும் எந்த லோகோவிலும் அமரலாம். ஆகவே, டெல்டிக் என்பதை 22 தனித்தனி வண்டிகளாகப் பார்ப்பதைவிட, லோகோக்களும் சுழற்சியில் இருந்த எஞ்சின்களும் பட்டறையும் அதன் கைத்திறனும் சேர்ந்த ஒரு தொகுதியாகப் பார்ப்பதே சரி. பாதுகாப்பு பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன.

## 1982க்குப் பின்

1978 முதல் அதிவேக டீசல் ரயில் தொகுப்புகள் இந்தத் தடத்துக்கு வந்தன. அவை மணிக்கு 125 மைல் வேகத்தில் ஓடக்கூடியவை. டெல்டிக்குகள் படிப்படியாக விலக்கப்பட்டு, 1982 ஜனவரி 2 அன்று லண்டனிலிருந்து எடின்பரோவுக்கும் திரும்பவும் ஓடிய விடைகொடுப்பு ரயிலோடு அவற்றின் பணி முடிந்தது. துல்யர் என்ற லோகோ வடக்கே இழுத்துச் செல்ல, ராயல் ஸ்காட்ஸ் கிரே தெற்கே திரும்பக் கொண்டுவந்தது.

ஆறு லோகோக்கள் உடைப்புக்குத் தப்பின. ஒன்று தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குச் சென்றது. 1977இலேயே தொடங்கப்பட்டிருந்த டெல்டிக் பாதுகாப்புச் சங்கம், அலிசிடான், ராயல் ஹைலேண்ட் ஃப்யூசிலியர் ஆகிய இரண்டையும் 1982இல் வாங்கியது. துல்யர் 1986இல் அதனிடம் வந்து சேர்ந்தது. 1955இன் முன்மாதிரி லோகோவோ 1963இலேயே லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தை அடைந்துவிட்டது.

லோகோவை வாங்குவது ஒரு கட்டம் மட்டுமே. தனியாரிடமுள்ள பாதுகாக்கப்பட்ட டீசல் லோகோக்கள் முதன்மைத் தடங்களில் ஓட அன்றைய பிரிட்டிஷ் ரயில்வே அனுமதிக்கவில்லை. அவை சிறிய பாரம்பரிய ரயில் பாதைகளில் குறைந்த வேகத்தில்தான் ஓடின. ரயில்வே தனியார்மயமான பிறகே கதவு திறந்தது. 1996 நவம்பர் 30 அன்று ராயல் ஸ்காட்ஸ் கிரே மீண்டும் முதன்மைத் தடத்தில் பயணிகள் ரயிலை இழுத்தது. 2011இல் அதே லோகோ, நார்தம்பர்லாந்தில் வடக்கு பிளைத்திலிருந்து லைன்மவுத் அலுமினிய உருக்காலைக்கு அதன் மூலப்பொருளான அலுமினா ஏற்றிய சரக்கு ரயில்களையும் வாடகைக்கு இழுத்தது. ஐம்பது வயதான லோகோ காட்சிப் பொருளாக இல்லாமல் கூலிக்கு உழைத்தது என்பதை நான் அதன் பாதுகாப்புக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்றாகக் கருதுகிறேன்.

## எந்த எஞ்சின் ‘அசல்’?

பாதுகாக்கப்பட்ட லோகோவைப் பார்க்கும் பலர், “இதில் இருப்பது அசல் எஞ்சின்தானா?” என்று கேட்கிறார்கள். டெல்டிக்கைப் பொறுத்தவரை இக்கேள்விக்குப் பொருளில்லை. பணியில் இருந்த இருபது ஆண்டுகளிலும் எஞ்சின்கள் லோகோக்களுக்கிடையே மாறிக்கொண்டே இருந்தன. ஒரு குறிப்பிட்ட எஞ்சினை ஒரு லோகோவுக்கே உரியதாக நிரந்தரமாக்குவது, அதன் வரலாற்றுக்கு மாறானதாகிவிடும்.

உண்மையான கேள்வி வேறு. மாற்றுவதற்கு எஞ்சின் இருக்கிறதா? எஞ்சினைச் செய்த நேப்பியரின் தொழிற்சாலைகளை இன்று நாட முடியாது. கிராங்க்ஷாஃப்டோ சிலிண்டர் உறையோ கெட்டால் கடையில் வாங்க வழியில்லை. ஆகவே பாதுகாப்பாளர்கள் எஞ்சின் பிறந்த இடத்தையே, அதாவது கடற்படைகளையே நாடினார்கள். இலேசான உலோகக் கலவையால் செய்யப்பட்டதால் காந்தத்தால் தூண்டப்படும் கண்ணிவெடிகளை வெடிக்கச் செய்யும் ஆபத்து குறைவு என்று, கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்கள் டெல்டிக் எஞ்சின்களைப் பல்லாண்டுகள் பயன்படுத்தின. ராயல் ஸ்காட்ஸ் கிரேயில் ஒரு காலத்தில் நார்வே கடற்படையிலிருந்து வந்த எஞ்சின் ஒன்று, ரயிலுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டுப் பொருத்தப்பட்டது. இதைக் கலப்படம் என்று குறைகூறுவோரை என்னால் ஏற்க முடியவில்லை; கழற்றி மாற்றும் முறையின் இயல்பான தொடர்ச்சியாகவே அது எனக்குத் தெரிகிறது.

உதிரிப் பொருளோடு கைத்திறனும் காக்கப்பட வேண்டும். மூன்று கிராங்க்ஷாஃப்டுகளின் கால வேறுபாட்டைச் சரியாகப் பொருத்தத் தெரிந்தவர்கள் இல்லாமற்போனால், கிடங்கு நிறைய உதிரிகள் இருந்தும் பயனில்லை. டெர்பிஷயரின் பாரோ ஹில்லில் பாதுகாப்புச் சங்கம் சொந்தக் கொட்டகை அமைத்து, தன்னார்வலர்களைக் கொண்டே எஞ்சின்களைப் பிரித்துச் சேர்த்துவருவதன் முக்கியத்துவம் இங்கேதான் இருக்கிறது.

## குட்டி டெல்டிக் காட்டும் வழி

லோகோக் கூடுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பாதுகாப்பை அளக்கக் கூடாது என்பதற்கு, இதே குடும்பத்தின் இளைய வகை ஒன்று நேர்ச் சான்று. 9 சிலிண்டர்கள் கொண்ட ஒரேயொரு டெல்டிக் எஞ்சினை வைத்து 1959இல் 10 சிறிய லோகோக்கள் செய்யப்பட்டன. ‘குட்டி டெல்டிக்’ என்று அவற்றை அழைத்தார்கள். ஓயாத பழுதுகளால் அவை நெடுங்காலம் நிலைக்கவில்லை. பத்தும் உடைக்கப்பட்டுவிட்டன, கூட்டை எண்ணினால் விடை பூஜ்யம்.

ஆயினும் அந்த வகைக்குரிய டி9-29 எஞ்சின் ஒன்று தப்பியது. ஆர்வலர்கள் அதைச் சீர்செய்து மீண்டும் ஓடவைத்தார்கள். பிறகு, அதே நிறுவனம் செய்த கிளாஸ் 37 வகை லோகோ ஒன்றை வாங்கி, அதன் உடலை வெட்டிச் சுருக்கி, குட்டி டெல்டிக்கின் வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலையைப் பாரோ ஹில்லில் தொடங்கினார்கள். கூடு இருந்து எஞ்சின் இல்லாமற்போயிருந்தால் இம்முயற்சியை எவரும் எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எஞ்சின் இருந்ததால், அதைச் சுற்றி ஒரு லோகோவையே கட்டத் துணிந்தார்கள்.